சுட்டிக்காட்டிய பல்

செய்த கம்பெனி நாட்டைவிட்டே போய்விட்டது.
வண்டி போகவில்லை.
இரண்டே கால் டன் கறுப்பு
ஃபேர்லேண்ட்ஸில் என் கிளினிக் வாசலில்
எதிர்வீட்டு ஜன்னலை மறைத்துக்கொண்டு நிற்கிறது.
எதிர்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவதில்லை.
அவருடைய ரூட் கெனால் பாதியில் இருக்கிறது.

"ரெண்டு பேருக்கு ஏழு சீட்டா?"
ஆர்.சி. புக்கைப் புரட்டியபடி வீட்டுக்காரர்.
சனிக்கிழமை நாகலூர் முகாமுக்கு
மடக்கு நாற்காலியும் கம்ப்ரசரும் ஏறினால்
மிச்சம் இரண்டு சீட்டுதான் என்று
டேப் பிடித்துக் காட்டினேன்.
காட்டாதது ஒன்று உண்டு:
மலைப்பாதையில் பஸ் டிரைவர் முகத்தை
அண்ணாந்து பார்க்காமல் பார்ப்பது
எனக்குப் பிடித்திருந்தது.

சத்தம் ஆனி மாதம் தொடங்கியது.
டக்.
ஒரே ஒரு டக்.
இடப்பக்கம் ஒடித்து ஏறும்போது மட்டும்,
விடிகாலையில் மட்டும்,
ஏழாவது கொண்டை ஊசியில் நிச்சயமாக,
பதினொன்றில் அதற்கு மனசிருந்தால்.
முன் இடது சக்கரம்தான்,
சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணியிருப்பேன்.

கொண்டலாம்பட்டி தைரியநாதன்
பக்கத்தில் ஏறி உட்கார்ந்தால் வராது,
என் படியேறியதும் நின்றுபோகும் பல்வலி மாதிரி.
நான் சொன்ன இடத்திலேயே கை வைத்தார்.
லோயர் ஆர்ம் புஷ் மாற்றினார்.
டக்.
ஸ்டெபிலைசர் லிங்க், நாடு முழுக்கத் தேடி
கோவையில் ஒரு குடோனில் கிடைத்த கடைசி ஜோடி.
டக்.
கம்ப்ரசரை இறக்கிவிட்டு ஓட்டினோம். வரவில்லை.
"கம்ப்ரசர்தான்" என்று இருவரும் சிரித்தோம்.
அதைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டி ஏற்றிய சனிக்கிழமை,
டக்.
ஸ்கேனர் சொன்னது: வண்டிக்கு ஒரு குறையும் இல்லை.
நாற்பத்தோராயிரம் ரூபாய்க்கு
ஒரு குறையும் இல்லை.

இதற்கு நடுவே டயரைப் பெரிதாக்கினேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
காய்ச்சல்காரருக்குப் புதுச்சட்டை எடுப்பதுபோல.
மைலேஜ் ஒன்பதுக்கு இறங்கியது.
மீட்டர் அறுபது என்னும்போது
உண்மையில் அறுபத்துநாலில் போகிறேனாம்.
போகட்டும்,
என் வயதையும் நான் அப்படித்தான் சொல்கிறேன்.

ஐந்தாவது வாரம்
கடைசி வரிசை சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு
கம்ப்ரசருக்குப் பக்கத்தில், தகரத்தில் காதை வைத்துப்
படுத்துக்கொண்டார் தைரியநாதன்.
"ஓட்டுங்க மேடம். நான் இருக்கறதையே மறந்துருங்க."
கோரிமேடு தாண்டி, அடிவாரம் செக்போஸ்ட்.
டார்ச் வெளிச்சத்தில்
குப்புறக் கிடக்கும் ஓர் ஆள்.
"சத்தம் கேக்கறாருங்க" என்றேன்.
காவலர் என்னை வெகுநேரம் பார்த்துவிட்டுத்
தடுப்பைத் தூக்கினார்.

ஏழு.
டக்.
"பின்னாடி மேடம்! வலது பக்கம்!"

கல் முட்டுக் கொடுத்து ஓரம் கட்டினோம்.
அவர் அடியில் நுழைந்தார்.
குரங்குகள் பானெட்டில் ஏறி விசாரித்தன.
பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவே
உட்கார்ந்து தேய்ந்த ஒரு ரப்பர்.
பாரமும் மேடும் வளைவும் ஒன்று சேர்ந்தால்தான்
இரும்பில் இரும்பு இடிக்கும்.
அங்கே இடித்தது சட்டத்தோடு ஓடிவந்து
என் இடது காலுக்குக் கீழே பேசியிருக்கிறது.
விலை நூற்றெண்பது.

இருபத்திரண்டு வருஷமாக
விரல் சுட்டிய பல்லை நான் நம்பியதில்லை.
மேலே என்று அழுதால் கீழே தட்டிப் பார்ப்பவள்.
யார் விரலையும் நம்பாதவள்,
என் விரலை நம்பினேன்.

போன சனிக்கிழமை
ஏழு பேசாமல் வந்தது. பதினொன்றும்.
வெள்ளி ஓக் மரங்களுக்குள் பனி இறங்கிக்கொண்டிருந்தது.
பதினேழில்
மெல்லிசாய் ஒரு கீச்.

கண்ணாடியை ஏற்றினேன்.
ஏ.சி. காற்றை மூன்றில் வைத்தேன்.
அடுத்த மாசம் பாத்துக்கலாம்.
யார் வாயைத் திறந்து சொன்னாலும்
நான் திட்டித் தீர்க்கிற அதே வாக்கியம்.
என் வாயில் அது
எவ்வளவு சுகமாக உட்கார்ந்தது!