இடப்பக்கம் இன்னும் வெட்டவில்லை

மண்டபத்திலிருந்து பாம்பன் போகும்போது
கச்சான் வலப்பக்கம் அடிக்கும்.
திரும்பி வரும்போது அதே கச்சான் இடப்பக்கம்.
கதவில்லாத ஆட்டோ, நாளைக்குப் பதினாறு தடவை பாலம்.
என் வகிடு எந்தக் கரையிலும் தங்கியதில்லை.

முதலில் ஜெல்.
பச்சை டப்பா, நூற்றுப்பத்து ரூபாய்.
நடுப்பாலத்து வெயிலில் இளகி
நெற்றி வழியாகக் கண்ணுக்குள் இறங்கியது.
இரண்டு பக்கமும் கடல் கிடக்க
நான் அழுதுகொண்டே ஓட்டினேன்.
பின்சீட்டில் ஒரு சேலத்துக் குடும்பம்
"வீட்ல ஏதும் பிரச்சனையா தம்பி?" என்றது.

பிறகு வாக்ஸ்.
அதில் தனுஷ்கோடி மணல் வந்து ஒட்டிக்கொண்டு
இரவு தலையணையில் உதிர்ந்தது.

பிறகு கிளே, நானூற்றைம்பது.
அதற்குக் களிமண் என்று அர்த்தம் தெரிந்த நாளிலிருந்து
ஸ்டாண்டில் அந்தோணிராயப்பு விடவில்லை:
"உள்ள இருக்கிறது பத்தலையா மாப்ள,
வெளியவும் பூசுற?"

கடைசியாக அந்த ஸ்ப்ரே.
கூரியர்க்காரன் உச்சிப்புளியிலிருந்து போன் செய்து
வழி கேட்டுக் கேட்டுக் கொண்டுவந்தான்.
கடல் உப்பு.
அறுநூற்றுத் தொண்ணூற்றொன்பது.
கடற்கரையில் ஒரு நாள் கழித்த தோற்றம் தரும்
என்று லேபிளில் இருந்ததை
ஜெபமாலை அக்காவிடம் படித்துக் காட்டியிருக்கக் கூடாது.
மடியிலிருந்த மீன்கூடையில் கையை விட்டு
ஐஸ் உருகிய தண்ணீரை என் தலையில் தெளித்தாள்.
"இந்தா. இது சும்மா."

யாருக்காக இதெல்லாம் என்கிறார்கள்.
பின்னால் வருவதைப் பார்க்க வைத்த கண்ணாடியை
என் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்.
அவ்வளவுதான். வேறு யாரும் இல்லை.

ராமநாதபுரத்தில் ஏசி சலூன்.
போனில் படம் படமாகத் தள்ளிக் காட்டினார்கள்.
எல்லாம் நல்ல தலைகள்.
ஒரு படத்திலும் காற்று இல்லை.

கேம்ப் ஸ்டாப்புக்கு எதிரே
தகரக் கடையில் பிரதீபன்.
பிறந்ததே முகாமில்தான், பேச்சு மட்டும் அக்கரை.
தலையை நனைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தொடவே இல்லை.
அது காய்ந்து எந்தப் பக்கம் சாய்கிறது என்று
பார்த்துக்கொண்டே நின்றான்.
"ரெட்டைச் சுழி, அண்ணே."
ரெண்டு கல்யாணமா என்றேன்.
"ரெண்டு திசை" என்றான்.
"உங்களுக்கு எந்தப் பக்கக் காத்து?"

இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.
பாலத்தைச் சொன்னேன்.
கச்சானைச் சொன்னேன்.
ஐப்பசியில் வாடை வந்தால் எல்லாம் தலைகீழ் என்பதைச் சொன்னேன்.
வலப்பக்கம் கத்தரி ஓடியது, அவசரமில்லாமல்.
அப்போது வாசலில் ஒரு சின்னப் பையன்:
"அண்ணா, பேர் வாசிக்கினம்!"
கணக்கெடுப்புக்கு ஆள் இல்லையென்றால் உதவிப்பணம் நின்றுவிடும்.
"இருங்கோ, வந்திடுறன்."

கழுத்தில் துண்டோடு நான்.
முக்கால் மணி நேரம்.
வெளியே ஒருவர்: "பாம்பன் வருமா?"
ஆட்டோக்காரனால் அதற்கு இல்லை என்று சொல்ல முடியாது.

பாலத்தில் கச்சான்
வெட்டிய பக்கம் வந்து மோதியது.
முடி படுத்தது, எழுந்தது,
இருந்த இடத்திலேயே இருந்தது.
களிம்பு இல்லை, களிமண் இல்லை.
ஆளை இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பினேன்.
இப்போது வெட்டாத பக்கம்.
மொத்தமும் கிளம்பி வந்து
ஒரு கண்ணை மூடியது.
மீதி ஒரு கண்ணால்
கண்ணாடியில் இரண்டு பேரையும் பார்த்தேன்.

கரையில் ஜெபமாலை அக்கா கை காட்டினாள்.
ஏறி, கூடையை வைத்து, நிமிர்ந்து பார்த்து
"இதுக்கு எவ்வளவுடா கொடுத்த?" என்றாள்.
"இன்னும் கொடுக்கல."

கடையில் அவன் வந்துவிட்டிருந்தான்.
கத்தரியைத் துடைத்தபடி
என் வலப்பக்கத்தை ஒரு சுற்றுப் பார்த்தான்,
அளவு எடுத்த சட்டை திரும்பி வந்ததைப் போல.
நூற்றிருபது ரூபாய்.
எதையும் விற்கவில்லை.

ஸ்ப்ரே பாட்டிலைக் கொட்டிக் கழுவி
டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன்.
நல்ல தண்ணீர் பிடித்து
கண்ணாடியில் படியும் உப்பைத் துடைக்க.