ஒன்றரை மடங்கு

டவுன்ஹால் ரோட்டு ஜெராக்ஸ் கடையில்
வரைபடத்தை ஒன்றரை மடங்கு பெரிதாக்கச் சொன்னேன்.
"வீடு கட்டுறீங்களா சார்?"
விமானம் என்றேன்.
நம்பாமல் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டான்.

எல்லாமே பெரிதாகியிருந்தது.
ஓரத்தில் நான் வைத்த டீ கிளாஸின் கறை
இப்போது சொம்பின் அடி அளவு.
மூன்று மில்லி பால்சா நாலரை ஆகிவிட்டது;
நாலரையை எவனும் விற்பதில்லை.
மூன்றோடு ஒன்றரையை ஒட்டினேன்.
விரலோடு விரலும் ஒட்டியது.

கட்டில் சுவரோரம் நின்றுகொண்டு தூங்க
நாங்கள் தரையில்,
இறக்கைக்கு அடியில்.
குபேந்திரன் கணக்குப் போட்டான்:
பரப்பு இரண்டேகால் மடங்கு,
எடை மூன்றேகாலுக்கும் மேலே.
"எந்திரிக்காதுடா."

சுலோசனா தலைமுடியில் மரத்தூளைத் தட்டிவிட்டு
ஒன்றுதான் கேட்டாள்:
"படியில எப்படி இறங்கும்?"

இறங்காது.
ஏழரை அடி. வளைவில் திரும்பாது.

ஞாயிறு காலை, மஹால் ஐந்தாவது தெரு.
மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து
இரண்டு கொடிக்கயிற்றில் இறக்கையை இறக்கினோம்,
ஒரு முனை அவள், ஒரு முனை நான்.
கீழே குபேந்திரன், பால்காரர்,
பெயர் தெரியாத ஏழெட்டுக் கைகள்.

பாதியில்
தெருமுனையிலிருந்து ஒரு காற்று.

அவள் கயிறு தொய்ந்தது.
"ஏங்க," என்றாள்,
"கனமே இல்ல."