சிரித்தால் எடுக்கும்

கச்சேரிக் களஞ்சியத்தில் ஜெகசோதி
பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தந்தார்:
வெள்ளி நிறம், சவர்க்காரக் கட்டி அளவு,
மணிக்கட்டில் மாட்ட ஒரு கறுப்புக் கயிறு.
"ஒண்டும் தெரியத் தேவையில்லை மிஸ்.
எல்லாம் அதுவே பாக்கும்.
நீங்க அமத்தினாச் சரி."

குருமண்வெளித் துறையில் பாதை வரும்வரை
வாவியைப் பார்த்து அமத்தினேன்.
கொக்கு வெள்ளைப் புள்ளியாய் விழுந்தது.
என் செருப்பும் விழுந்தது.
பாதைக்காரர் முகத்தில்
மஞ்சள் சதுரம் ஒன்று தானாகவே போய்க் குந்தியது.
பக்கத்து மோட்டார்சைக்கிளின் விளக்கிலும் இன்னொன்று.
அதற்கும் முகம் உண்டென்று கமரா நினைத்தது.
நான் மறுக்கவில்லை.

மண்டூர் தாண்டி, கிறவல் ரோட்டில் பதினொரு கிலோமீற்றர்.
யானை உடைத்த வீடு, இலக்கம் நாற்பத்தேழு.
குசினிச் சுவர் இல்லை.
இருந்த இடத்தில் சீமெந்துக் கல், கிழிந்த நெல்மூட்டை,
யானை சிந்தியதைப் பொறுக்கும் கோழிகள்.
தெருவுக்குத் தெரிகிறதேயென்று
சேலையொன்றைக் குறுக்கே கட்டிவிட்டு
யோகராணி தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தாள்.

சேதத்தோடு வீட்டுக்காரரும் படத்தில் நிற்க வேண்டும்,
அது சுற்றறிக்கை.
நிறுத்தினேன். அமத்தினேன்.
எடுக்கவில்லை.
பற்றரியைக் கழற்றித் துடைத்துப் போட்டேன்.
எடுக்கவில்லை.
நாலு முகம், நாலு மஞ்சள் சதுரம்,
திரையின் மூலையில்
பல்லைக் காட்டும் ஒரு பொம்மை முகம்.
பொடியன் தர்ஷிகன் எட்டிப் பார்த்துச் சொன்னான்:
"மிஸ், இது சிரிச்சாத்தான் எடுக்கும்."

எவரோ கலியாண வீட்டுக்குக் கொண்டுபோய்
அப்படியே விட்டிருக்க வேண்டும்.
நிற்பாட்ட எனக்குத் தெரியாது. அவனுக்கும்.

பேரின்பம், இரண்டு இரவாய் உறங்காத கண்ணோடு,
உதட்டை மட்டும் இழுத்துப் பார்த்தார்.
கமரா ஏமாறவில்லை.
இன்னும் கொஞ்சம் இழுத்தார்.
பிறகு கையை விரித்தார்:
"ஆனைக்கு மூண்டு மூட்டை நெல்லு.
கமராவுக்கு என்னகா, சிரிப்பாம்."

யோகராணிக்குத்தான் முதலில் உடைந்தது.
சேலைத் தலைப்பைக் கடித்தும் நிற்கவில்லை.
மறுகா பொடியன்.
மறுகா கைக்குழந்தை, ஏனென்று தெரியாமலே.
கிளிக்.
என் விரல் பொத்தானில் இல்லை.
கிளிக். கிளிக்.

திங்கட்கிழமை கணக்காளர் கண்ணாடியைக் கழற்றினார்.
"இது சேதமா, சுற்றுலாவா?"
கோவைக்குள் போகாதாம்.
திரும்பப் போய், சிரிக்காமல் எடுத்து வரட்டாம்.
ஜெகசோதி மெனுவுக்குள் நுழைந்து
ஆறு அமத்தலில் அந்தப் பல்லை மூடிக் கொடுத்தார்.
"இனி அது ஒண்டும் கேக்காது மிஸ்."

வியாழன் போனேன்.
சுவர் நின்ற இடத்தில் கடன்பட்ட தகரம்.
திரையாய்த் தொங்கிய சேலை
யோகராணியின் உடம்பில்.
நால்வரும் வரிசையாய், விறைப்பாய்,
அரசாங்கத்துக்கு ஏற்ற முகத்தோடு நின்றார்கள்.
ஒரே அமத்தல்.
நல்ல வெயில். தகரம் மினுங்கியது.
சேதம் தெரியவில்லை.

வெளிக்கிடும்போது பேரின்பம்
வண்டிவரை வந்து, சில்லைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:
"அந்தச் சிரிச்ச படம் கிடக்கா?
நாங்க நாலு பேரும் ஒண்டா நிண்டது
வேற இல்ல."

கோவை நாற்பத்தேழு மேசை மேசையாய்ப் போகிறது.
தெளிவான படம் இணைக்கவும் என்று
சிவப்பு மையில் ஒரு குறிப்பு, அதன்மேல் இன்னொன்று.

களுவாஞ்சிக்குடி ஸ்டூடியோவில் கார்டை நீட்டினேன்.
பொடியன் படத்தைப் பெருப்பித்து,
யோகராணியின் கடைவாய்ப் பல்வரை போய்த் திரும்பி,
"நல்லா வந்திருக்கு அக்கா.
பின்னுக்குத்தான் எல்லாம் உடைஞ்சு கிடக்கு.
மறைச்சு ஒரு பூந்தோட்டம் போடவா?
காசு கூட எடுக்க மாட்டன்" என்றான்.

வேண்டாம் தம்பி.
இல்லாத சுவரும்
வரட்டும் என்றேன்.