பிறர் தூண்டுதலின்றி

தேவகோட்டை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில்
எனக்கொரு மேசை.
இருபத்தாறு வருடமாக
ஒரே வாக்கியத்தை எழுதுகிறேன்:
நல்ல நினைவுடனும்
பூரண புத்தி சுவாதீனத்துடனும்
பிறர் தூண்டுதலின்றியும்.
கை தானாக ஓடும்.
அர்த்தம் பார்ப்பதில்லை.

திங்கள் காலை, ராகுகாலம் கழித்து
வாடகைக் காரில் வந்தார்கள்.
முன் சீட்டில் வயிரவன், பெல்ட் போட்டபடி.
பின்னால் சீதை, மடியில் மஞ்சள் பை.
பைக்குள் ஆதார், பாஸ்புக்,
வைப்புத்தொகை ரசீது மூன்று,
மாற்று வேட்டி, டயபர்.

"ஒரு பவர் எழுதணும்.
எல்லாம் அவுக பேர்லதான் கெடக்கு.
ராத்திரி பாத்துக்கிற பொண்ணுக்கு
ரெண்டு மாசச் சம்பளம் பாக்கி."

வீட்டுக்குப் பதினொரு பங்கு.
வளவில் இவர்களுக்கு ஓர் இரட்டை வீடு.
மொத்தமாக விற்க இன்னும் பத்துக் கையெழுத்து வேண்டும்,
அதில் மூன்று எந்தத் தேசத்தில் என்றே தெரியாது.
ரசீதில் நாமினி என்ற இடத்தில்
வயிரவனின் தாயார் பெயர்.
அவர் போய் முப்பத்தொரு வருடம்.
வங்கி வருடந்தோறும்
தானாகப் புதுப்பித்துக்கொண்டே வந்திருக்கிறது.

"ஐயா, எதுக்கு வந்திருக்கீக?"
என்னைப் பார்த்தார்.
முத்திரைத்தாளை விரலால் தடவிப் பார்த்தார்.
"எத்தன வட்டி?" என்றார்.

பேனாவைக் கொடுத்தேன்.
கொடுத்திருக்கக் கூடாது.
வெள்ளைத்தாளில் போட்டார்:
அரு.சோம. என்று தொடங்கி
கடைசிச் சுழிக்குக் கீழே ஒரு கோடு, இரண்டு புள்ளி.
ரசீதில் இருப்பதற்கு இம்மி பிசகில்லை.
கை மட்டும்
இன்னும் முதலாளியாகவே இருக்கிறது.

"அது போதாதா?" என்றார் சீதை.

போதும். அதுதான் சங்கடம்.
உள்ளே டோக்கன் நாற்பத்தெட்டு,
அதிகாரி தலைநிமிராத நாள்.
நான் எழுதினால் நடந்துவிடும்.
எழுதாதவனும் இல்லை நான்.
மை தடவிய பெருவிரலை
மகன் பிடித்து அழுத்தியதற்கெல்லாம்
எழுதியிருக்கிறேன்.
அன்றைக்கு என்னவோ
பூரண என்ற சொல்லிலேயே பேனா நின்றுவிட்டது.

புத்தி போனால் பவரும் போச்சு, என்றேன்.
போன வருஷம் வந்திருந்தா
கணக்கை ரெண்டு பேருக்கும் பொதுவா ஆக்கியிருக்கலாம்,
"இருவரில் யாரேனும் அல்லது உயிரோடிருப்பவர்"னு
பேங்குல ஒரு வரி உண்டு.
இனிமே டாக்டர் சர்டிபிகேட், வக்கீல்,
கார்டியன் மனு.
மாசக்கணக்காகும்.

"போன வருஷம் கேட்டேன்.
'நான் எப்ப சாவேன்னு பாக்குறியா'ன்னாக."
அதற்குமேல் சீதை பேசவில்லை.

ஒரு வக்கீலின் நம்பரை எழுதிக் கொடுத்தேன்.
பேப்பர் வெயிட்டைத் தூக்கி
அடியில் ஐம்பது ரூபாய் வைத்தார்.
எழுதவே இல்லையே, என்றேன்.
"ஒக்காந்த நேரத்துக்கு."
கார் திரும்பும்போது வயிரவன்
கண்ணாடி வழியாக
டீக்கடைக்காரனிடம் வட்டி கேட்டுக்கொண்டிருந்தார்.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால்
பெண்டாட்டியிடம் சொன்னேன்:
நாளைக்குப் பேங்குக்குப் போகணும்,
பாஸ்புக்கை எடுத்து வை, நீயும் வா.
குழம்புக் கரண்டியோடு
வெளியே வந்து நின்றாள்:
"ஏன், நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?"