எடைச்சீட்டு

ரெங்கம் எடைமேடையில்
பதினோரு வருஷமாய் நான் கிராணி.
செம்பனைக் குலையோடு வரும் லோரி,
இறக்கிவிட்டுப் போகும் லோரி,
கழித்தால் மிஞ்சுவது சரக்கு.
எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

பெமாங்கில் தீவின் கூரைகளை
டிசம்பர் காற்று கழற்றிக் கடலில் போட்ட மறுநாள்
கோயில் மண்டபத்துச் சாவி என் கைக்கு வந்தது.
"எழுதி வைக்கத் தெரிஞ்ச ஆளு நீதானேம்மா."
எங்களில் யாரும் அந்தத் தீவைப் பார்த்ததில்லை.
மெர்சிங் வரை போயிருக்கிறோம்,
கருவாடு வாங்கி, கால் நனைத்துத் திரும்பியிருக்கிறோம்.
அந்தப் பெயருக்கு மலாயில் 'அழைப்பவர்' என்று பொருள்.
அழைத்ததாய் இங்கே யாருக்கும் கேட்டதில்லை.

முதல் நாள்
நாற்பத்தொரு பை பழந்துணி.
பிரித்தால் ஒரு பட்டு வேட்டி, கல்யாணக் கோட்டு,
சலங்கை, ஒரு காலுக்கு மட்டும்.
தீபாவளிக்கு மிஞ்சிய முறுக்கு மூன்று டின்.
பிறகு அரிசி. அரிசி. அரிசி.
யுவனேஸ்வரி ஒவ்வொரு மூட்டையையும் படமெடுத்து
கொடுத்தவருக்கு நன்றி அனுப்பிக்கொண்டிருந்தாள்.
கட்சிக்காரர் ஒருவர் தன் முகம் போட்ட பேனர் தந்தார்.
வாங்கிக்கொண்டோம். மழைக்குத் தாங்கும்.
முகம் உள்பக்கமாய் மடித்து வைத்தோம்.

படகுக்காரர் பாக் மான் போனில் சொன்னார்:
"இந்த அலைக்கு அறுநூறு கிலோ.
அதுக்கு மேலே ஒரு தேங்காயும் வேண்டாம்."
மண்டபத்தில் அப்போது இரண்டாயிரத்து முன்னூறு.

செருப்பை விட்டுவிட்டும் உள்ளே வராமல்
வாசலில் நின்றான் மொஹிபுல்,
மூன்றாம் டிவிஷனில் குலை வெட்டுகிறவன்.
வங்காளக் கடலோரம், ஹாத்தியா தீவில் பிறந்தவன்.
எங்களிடம் கற்ற தமிழில் சொன்னான்:
"கிராணி, அரிசி பிறகு. முதல்ல ஆணி."

விரல் மடக்கினான்.
ஆணி. கயிறு. தார்ப்பாய். தண்ணி மாத்திரை.
பிளாஸ்டிக்கில் சுத்தின நெருப்புப்பெட்டி.
பெண்களுக்கு வேண்டியதை
சுவரைப் பார்த்துச் சொன்னான்.
"சுத்தியல். நாலு வீட்டுக்கு ஒண்ணு.
எல்லாரும் அதைத்தான் மறப்பாங்க.
எங்களுக்கு ஒரு தடவை குளிர்கோட்டு வந்துச்சு.
ஆட்டுக்குப் போட்டு விட்டோம்."

சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை.

தவுக்கே இயோ ஆணியை வாங்கின விலைக்கே தந்தார்.
சுத்தியல் பன்னிரண்டு, பில் இல்லாமல்.
பள்ளி கேண்டீன் ரொஹானா அக்கா
நெத்திலிச் சம்பல் கிளறி அடைத்து
ஒவ்வொரு மூடியிலும் தன் பெயரை எழுதினாள்.
யார் கை என்று தெரிந்தால்
தீவுக்காரர் தயங்காமல் தின்பார்களாம்.

இரவு பதினொன்றுக்கு லோரியை மேடையில் ஏற்றினேன்.
அறுநூற்று இருபது.
எதை இறக்குவது என்று ஒரே சண்டை.
அரிசி ஒரு மூட்டை இறங்கியது, முறுக்கும் இறங்கியது.
எங்கள் மேடைக்கு இருபது கிலோவுக்குக் கீழே கண் தெரியாது.
அந்தத் தைரியத்தில்
ஒரு டின்னை மட்டும் திரும்ப உள்ளே தள்ளினேன்.

மொஹிபுல் கயிறு கட்டினான்.
இருட்டில், விரலாலேயே பார்த்து.
"நீயும் ஏறுடா" என்றான் லோரி ஓட்டும் குணசீலன்.
"பெர்மிட் புதுப்பிக்கப் போயிருக்கு.
கஹாங்கில் ரோட்பிளாக் இருக்கும்."
கொஞ்ச நேரம் எல்லோரும்
டயரையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

மெர்சிங் படகுத்துறையில்
கயிற்றை அறுக்கக் கத்தி எடுத்த பாக் மான்
மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாராம்.
ஒரு முனையைப் பிடித்து இழுத்தார்,
மொத்தக் கட்டும் மடியில் வந்து விழுந்தது.
"உங்க ஊர்ல கடலே இல்லையே,
இது யார் கட்டினது?"
குணசீலன் இதைச் சொல்லத்தான் போன் செய்தான்.

என் ஏட்டில் அவன் முந்நூற்றுப் பதினேழு.
வெட்டுக்காரர் பெயர் எழுத அதில் கட்டம் கிடையாது.
மத்தியானம் குலை லோரியோடு அவன் வந்தபோது
பாக் மான் கேட்டதைச் சொன்னேன்.
காதில் வாங்கினானா தெரியவில்லை.
முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டான்:

"சுத்தியல் போச்சா?"
பன்னிரண்டும் போச்சு என்றேன்.