எதைக் கொடுத்தாலும் எரிவது

மூன்று சோடா பாட்டில்களோடு வந்திருக்கிறேன்.
ஒன்றில் கராக்கோல் பேருந்து நிலையத்துப் பெட்ரோல்,
நிறமே சந்தேகத்துக்குரியது.
ஒன்றில் மண்ணெண்ணெய்.
மூன்றாவதில் எல்லைக்காவல் லாரியின் டீசல்,
இரண்டு சிகரெட் பெட்டிக்கு ஓட்டுநர் இறக்கிக் கொடுத்தது.
மேலே எனக்கு வாய்க்கப்போவது இதில் எதுவென்று
போய்ச் சேர்ந்தால்தான் தெரியும்.

எரிபொருள் நாறும் எதையும் விமானத்தில் ஏற்றமாட்டார்கள்.
அதனால் மலையேறிகள் விட்டுப்போன அடுப்புகள்
கென்னாதியின் கடையில் உட்கார்ந்திருக்கின்றன,
கால் மடக்கிய வண்டுகளாக.

"காஸ் எடுத்துக்கொள், பெர்மெட்.
திருகு, பற்றவை, தீர்ந்தது" என்கிறான்.
தீர்ந்தது என்பதுதான் சரியான சொல்.
மைனஸ் இருபதில் அந்த உருளைக்குள்
காஸ் இருக்கும்,
வெளியே வர அதற்கு மனம் இருக்காது.

போன வருடம் மலிவானதாகப் பார்த்து வாங்கினேன்.
பனியாற்றில், பதினோராம் அளவுக்கழியருகே, ஆறாம் இரவு
பம்பு கையோடு வந்துவிட்டது.
அதற்குப் பிறகு மூன்று நாள்
பனியைப் பாட்டிலில் அடைத்து
அக்குளில் வைத்து உருக்கினோம், நானும் தீலெக்கும்.
ஒரு வாய் நீருக்கு ஒரு மணி நேரம்.
நூடுல்ஸைக் காய்ந்தபடியே கடித்தோம்.
அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.
திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்,
கணக்கு அங்கேயே தீர்ந்திருக்கும்.
இந்த வருடமும் அவனோடுதான்.
இருபத்திரண்டு இரவுகள், ஒரே கூடாரம்.

கடைக்குப் பின்னால், ஆப்ரிகாட் மரத்தடியில்,
ஒவ்வொன்றாகப் பற்றவைக்கிறோம்.

முதலாவது டைட்டானியம். உள்ளங்கைக்கு எடையே தெரியவில்லை.
கென்னாதியின் சுத்தமான வெள்ளைப் பெட்ரோலில்
அடக்கமாக நீலம் காட்டியது.
பேருந்து நிலையத்துச் சரக்கை ஊற்றினேன்.
மாப்பிள்ளை முறுக்கு.
இரண்டு தும்மல், அப்புறம் பேச்சே இல்லை.

இரண்டாவது, எல்லாம் குடிப்பேன் என்று
பெட்டியிலேயே அச்சடித்துக்கொண்டது.
டீசலைக் கண்டதும் கறுப்புக்கொடி ஏற்றியது.
கொடியில் காய்ந்த படுக்கை விரிப்புகளைக்
கென்னாதியின் மனைவி ஓடிவந்து அள்ளிப் போனாள்,
பார்வையை மட்டும் என்மேல் விட்டுவிட்டு.

மூன்றாவது பித்தளை. அவலட்சணம்.
ஒரு கால் வளைந்து, யாரோ நிமிர்த்தியிருக்கிறார்கள்.
ஒரு கிலோவுக்கு மேலேயே இருக்கும்.

பையிலிருந்து பனிக்கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டேன்.
ஜூன் வெயில். கென்னாதி சிரிக்கிறான்.
சிரிக்கட்டும்.
பெட்ரோல் ஜெட்டைக் கழற்றி டீசல் ஜெட்டைப் பூட்ட வேண்டும்:
மிளகளவு திருகு, அதில் மயிரிழைத் துளை.
முதல் தடவை புல்லில் விழுந்தது.
இருவரும் மண்டியிட்டுத் தேடினோம்.
இரண்டாம் தடவை ஏழு நிமிடம்.
ஐந்தாம் தடவை ஒன்றரை.

கிண்ணத்தில் சொட்டுப் பெட்ரோல் விட்டுக் குழாயைச் சுடவைத்து
டீசலைத் திறந்தேன்.
மஞ்சளாக அலைந்தது, கரி கக்கியது,
ஒரு கணம் மூச்சைப் பிடித்து நின்றது,
பிறகு உறுமத் தொடங்கியது. நீலம். சுத்தமான, முரட்டு நீலம்.

"கூடாரத்துக்குள் பேசவே முடியாது!"
கென்னாதி கத்துவது வாயசைவில் மட்டும் தெரிந்தது.

அந்த இரைச்சலுக்குள் சொல்லிப் பார்த்தேன்:
தீலெக்,
அலுவலகம் நல்ல அடுப்புக்குத்தான் பணம் கொடுத்தது.
மிச்சத்தில் நான் காலணி வாங்கிக்கொண்டேன்.
நல்ல காலணி என்று நீயே சொன்னாய்.

குமிழைத் திருப்பினேன். சத்தம் வடிந்தது.
மரத்தில் ஏதோ ஒரு பறவை ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தது.
"என்ன சொன்னாய்?" என்றான் கென்னாதி.
"எவ்வளவு என்றேன்."

ஏழாயிரத்து இருநூறு சோம். பேரம் பேசவில்லை.
ரசீதில் ஒரு சோம் குறையாமல் எழுதச் சொன்னேன்.
துளை குத்தும் ஊசியை இலவசமாகத் தந்தான்,
டீசல் வாடையோடு ஒரு கோப்பை தேநீரும்.

பாதி வழி வந்த பிறகுதான்
பம்புக்கு மாற்றுத் தோல் வாஷர் வாங்காதது நினைவு வந்தது.
திரும்பி நடந்தேன்,
அதே காலணியில்.