கிராம் என்ன விலை

ஊரெல்லாம் ஆடித் தள்ளுபடிப் பலகை தொங்கும்போது
என் கடையில் மட்டும்
தள்ளுபடி ஆகாத சரக்கு வந்து இறங்கியது.
பதினாலு கோல்ஃப் மட்டை, ஒரு தோல் பை,
நாலு லட்சத்து எண்பதாயிரம்.

கம்பெனிப் பையன் நிவேதன் சொன்னான்:
"ஒத்த ரூபா குறைச்சாலும் வாங்க மாட்டாங்கண்ணே,
இதுல விலைதான் சரக்கே."
ஐந்து ரோட்டில் கேரம் போர்டு வாங்கினால்
பவுடர் டப்பா சும்மா தந்து பிழைப்பவன் நான்.
தலையாட்டினேன்.

ஜவ்வரிசி ஆலை அத்தியண்ணன்
சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"பந்து எத்தனை தருவீங்க?"

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக்கடைக்காரர்
ஒன்றை உருவி உள்ளங்கையில் கிடத்தினார்.
"நானூறு கிராம் இருக்குமா?
கிராம் என்ன விலை? செய்கூலி?
திருப்பித் தந்தா என்ன போட்டு எடுப்பீங்க?"
மூன்றுக்கும் பதில் சொல்லாமல்
ஒரு ஜோடிக் கொலுசுகூட இந்த ஊரில் விற்க முடியாது.
ராத்திரி கணக்குப் போட்டேன்,
கிராம் எண்பத்தைந்து சொச்சம்.
அன்றைக்கு வெள்ளி அதைத் தாண்டிப் போயிருந்தது.
மலிவு என்று சொல்லியிருக்கலாம்,
ஆள் போய்விட்டார்.

இருபது கொண்டை ஊசி வளைவு,
ஆம்னி வண்டியில் பையை ஏற்காட்டுக்கு ஏற்றினேன்.
காப்பித் தோட்டத்தின் நடுவே ஒன்பது குழி மைதானம்.
பை தூக்குபவனை அங்கே கேடி என்கிறார்கள்.
போலீஸ் ஸ்டேஷன் தாண்டித்தான் வந்தேன்,
ஒருத்தரும் பிடிக்கவில்லை.

எஸ்டேட் தேவசகாயம் ஓர் அடி அடித்தார்.
பந்து மூடுபனிக்குள் போனது.
விழுந்த சத்தம் வரட்டும் என்று நின்றோம்.
வரவில்லை.
"அருமையான மட்டை" என்றார்,
துடைத்துத் திருப்பித் தந்தார்.
மெம்பர் பதினோரு பேர்,
அதில் ஒன்பது பேருக்கு முட்டி வலி.

இறங்கும்போது பதிமூன்றாம் வளைவில்
குரங்கு ஒன்று பையையே பார்த்தது.
அங்கேதான் முடிவெடுத்தேன்:
செட்டைப் பிரித்து விற்பது.

தோல் டாக்டர் கட்டையானதை எடுத்தார்,
நோயாளி வராத நேரத்தில் டம்ளருக்குள் பந்து தள்ள.
மனை விற்பவர் கார் பின்சீட்டுக்கு ஒன்று,
கண்ணாடி வழியே தெரிகிற மாதிரி.
உருக்காலையில் ஓய்வுபெற்றவர்
தட்டித் தட்டிச் சத்தம் கேட்டு ஒன்று வாங்கினார்,
எதற்கென்று அவரும் சொல்லவில்லை.
அத்தியண்ணன் இரண்டு, ஆலை நாய்களுக்கு.
ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை,
நிவேதன் சொன்னது நிஜம்.

மிச்சம் ஒன்று.
"மணல்ல மாட்டின பந்தைத் தோண்ட" என்றேன்.
"மணலா? லோடு என்ன விலைன்னு தெரியுமா?"
காண்ட்ராக்டர் கோபித்துக்கொண்டே போனார்.

நேற்று நிவேதன் போன்:
"சேலத்துல மார்க்கெட் இருக்காண்ணே?"
"பதிமூணு வித்திருக்கு."
"எங்க ஆடுறாங்க?"

லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.
ஒன்பது மணி.
மிச்சமிருந்த மட்டையின் தலையை
ஷட்டர் வளையத்தில் மாட்டி இழுத்தேன்.
முப்பத்துநாலாயிரம் ரூபாய்க் கொக்கி.
வழுக்கவே இல்லை,
அதைச் சொல்லியே ஆகவேண்டும்.